கறுப்பு ஒயரைப் பாருங்கள்: ஒரு வள்ளத்துக்குப் புதிதாக ஒயரிங் போட்ட அனுபவம்

படகில் விளக்கு மங்கினால் எல்லோரும் முதலில் பேட்டரியைக் குறை சொல்வார்கள். அடுத்து பல்பை மாற்றுவார்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் சிவப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே போய், டேப் சுற்றிய இடங்களை எல்லாம் பிரித்து, மறுபடி முறுக்கிக் கட்டுவார்கள். கறுப்பு ஒயரை யாரும் தொடுவதில்லை. திரேஸ்புரத்தில் என் மாமாவின் வள்ளத்தில் இருந்த ஒயரிங்கை முழுதாகப் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட்டேன். அதில் இருந்த கோளாறுகளில் பெரும்பகுதி கறுப்பு ஒயரில்தான் இருந்தது.

நான் தூத்துக்குடியில் வீட்டு ஒயரிங் வேலை செய்கிறவன். வீட்டில் 230 வோல்ட். வழியில் இரண்டு வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. படகில் மொத்தமே 12 வோல்ட். அதில் இரண்டு வோல்ட் குறைந்தால் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். இந்தக் கணக்கு மனதில் பதிந்த பிறகுதான் படகு ஒயரிங்கை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன்.

மாமாவின் வள்ளம் 28 அடி, பைபர். டீசல் எஞ்சின், செல்ஃப் ஸ்டார்ட், டைனமோ. மாலையில் போய் இரவு வலை போட்டுக் காலையில் திரும்புவார்கள். அவர் சொன்ன குறைகள் இவை: வி.எச்.எப். ரேடியோ செட்டில் பேச மைக்கை அழுத்தினால் கம்பத்து விளக்கு மங்கும். செல்ஃப் அடித்தால் ஜி.பி.எஸ். அணைந்துபோய் மறுபடி எழும். தண்ணீர் இறைக்கும் மோட்டார் சில நாள் ஓடும், சில நாள் உறுமிக்கொண்டு அப்படியே நிற்கும். “பேட்டரி புதுசு போட்டா எல்லாம் சரியாயிரும்னு சொல்லுதாவ மருமவனே” என்றார். பேட்டரி போட்டு ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

தளப் பலகையைக் கழற்றியதும் ஒயரிங் வந்த கதை தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் போடும் ஒயர். அதுவும் ஒரே தடவையில் போட்டதல்ல. முதலில் விளக்குக்கு ஒரு ஜோடி இழுத்திருக்கிறார்கள். ஜி.பி.எஸ். வாங்கியதும் அதிலிருந்தே ஒரு கிளை. கடலின் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் வந்ததும் அந்தக் கிளையிலிருந்து இன்னொரு கிளை. சுவிட்சுகள் வீட்டுச் சுவரில் இருக்கும் அதே சுவிட்சுகள். அவை உப்புக் காற்றுக்காகச் செய்தவையல்ல. பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் ஏழெட்டு ஒயர் நுனிகளைச் சேர்த்து முறுக்கி ஒரு நட்டால் இறுக்கியிருந்தார்கள். நெகட்டிவ் பக்கம் இன்னும் சுருக்கம். பேட்டரியிலிருந்து எஞ்சினுக்கு ஒரு தடித்த கேபிள், மற்ற கறுப்பு ஒயர்கள் எல்லாம் எஞ்சின் பக்கத்தில் கைக்கு எட்டிய ஏதோ ஒரு போல்ட்டில். ஃப்யூஸ் என்று ஒன்று எங்குமே இல்லை.

பிடுங்குவதற்கு முன்னால் அளந்து பார்ப்பது மிக முக்கியம். பழசை வெட்டி எறிந்துவிட்டால் எது கெட்டது என்று பிறகு தெரியவே தெரியாது. இதற்கு ஒரு மல்டிமீட்டரும், அதன் ஒரு முனையில் சேர்த்துக்கொள்ள எட்டு மீட்டர் மெல்லிய ஒயரும் போதும். எஞ்சினை நிறுத்தி, எல்லாச் சுவிட்சுகளையும் போட்டுவிட்டு அளந்தேன். பேட்டரி முனைகளில் 12.5 வோல்ட். கம்பத்து விளக்கின் ஹோல்டரில் 10.9. நடுவில் 1.6 வோல்ட் காணாமல் போயிருந்தது.

எங்கே போனது என்று தெரிய, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையை விளக்கின் பாசிட்டிவிலும் வைத்தேன். ஒயர் நல்ல ஒயராக இருந்தால் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். 0.5 காட்டியது. அடுத்து பேட்டரியின் நெகட்டிவுக்கும் விளக்கின் நெகட்டிவுக்கும் நடுவில் அளந்தேன். 1.1 வோல்ட். பிறகு எஞ்சினில் கறுப்பு ஒயர்களைக் கட்டியிருந்த அந்தப் போல்ட்டுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் வைத்தேன். அதில் மட்டும் 0.8. காணாமல் போன வோல்ட்டில் பாதி ஒரு துருப்பிடித்த போல்ட்டில் செத்துக்கொண்டிருந்தது. மைக்கை அழுத்தும்போது விளக்கு மங்கியதன் காரணமும் அதுதான். செட்டின் கறுப்பும் விளக்கின் கறுப்பும் அதே போல்ட் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்பின. செட் ஆறு ஆம்பியர் இழுத்தால் அந்தப் போல்ட்டில் இழப்பு கூடும், பக்கத்துக்காரனான விளக்குக்குக் கிடைப்பது குறையும்.

குண்டு பல்புக்கு வோல்ட் 13 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 13 சதவீதம் குறைவதோடு நிற்காது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். கப்பல்காரன் கண்ணுக்கு எட்ட வேண்டிய விளக்கு இது.

அளந்து முடித்துவிட்டு ஒரு ஒயரை அறுத்து நுனியிலிருந்து ஒரு சாண் உள்ளே உரித்துப் பார்த்தேன். இழைகள் கறுத்திருந்தன. இன்னும் ஒரு சாண் தள்ளி உரித்தேன், அங்கும் கறுப்பு. நகத்தால் சுரண்டினால் இழைகள் பொடிப்பொடியாக உதிர்ந்தன. மேலே உறை மட்டும் புத்தம்புதிதாக இருந்தது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, மூடாத நுனியில் பட்ட உப்புத் தண்ணீரை இழைகளின் இடுக்குகள் உள்ளுக்கு இழுத்துக்கொண்டே போகும். டேப் அதைத் தடுக்காது. டேப்பின் பசை வெயிலில் இளகிவிடும், உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேற வழி இல்லாமல் தங்கிவிடும். தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் இணைப்பு இன்னும் மோசம். அது எப்போதும் ஈரத்தில் கிடப்பது. பாசிட்டிவ் நுனியில் செம்பே இல்லை. ஒரு கட்டிப் பச்சைக் களிம்புதான் மிச்சம். உப்புத் தண்ணீரில் இரண்டு நுனிகளுக்கு நடுவே கொஞ்சம் மின்சாரம் கசிந்தாலும் பாசிட்டிவ் பக்கத்துச் செம்புதான் கரையும். மோட்டார் சில நாள் ஓடி சில நாள் நின்றதற்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

எனவே ஒட்டுப்போடும் பேச்சுக்கே இடமில்லை. ஒவ்வொரு ஒயரையும் போட்டோ எடுத்துக்கொண்டு, எது எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்துகொண்டு, மொத்தத்தையும் எடுத்துவிட்டேன். புது ஒயர் வாங்குவதற்கு முன்னால் இன்னொரு தாளில் கணக்குப் போட்டேன். படகு ஒயரிங்கில் தலையை உண்மையில் பயன்படுத்த வேண்டிய இடம் இந்தத் தாள்தான். மற்றதெல்லாம் கை வேலை.

முதல் கணக்கு, ஒரு இரவுக்கு எவ்வளவு செலவாகும் என்பது. எல்.இ.டி.க்கு மாற்றியபின் வழி விளக்குகள் எல்லாம் சேர்ந்து ஒரு ஆம்பியருக்கு மேல் போகாது. பத்து மணி நேரத்துக்கு 10 ஆம்பியர்-மணி. ஜி.பி.எஸ்.ஸும் எக்கோ சவுண்டரும் சேர்ந்து ஒன்றரை ஆம்பியர், அது 15. செட் சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் அரை ஆம்பியர், அது 5. வலை வாங்கும்போது எரியும் இரண்டு 20 வாட் விளக்குகள் மூன்று மணி நேரத்துக்கு 10. மொத்தம் 40. சாதாரண ஈய அமில பேட்டரியை அதன் கொள்ளளவில் பாதிக்கு மேல் வடியவிட்டால் ஆயுள் சீக்கிரம் முடிந்துவிடும். ஆகவே 100 ஆம்பியர்-மணி பேட்டரி இந்தச் சாமான்களுக்குச் சரியாக இருக்கும், ஆனால் அதே பேட்டரியைக் கொண்டே செல்ஃபும் அடிக்க வேண்டும் என்றால் காலையில் ஆபத்து. மாமாவிடம் இரண்டாவது பேட்டரி ஒன்று கட்டாயம் என்று சொல்லிவிட்டேன். ஒன்று செல்ஃபுக்கு மட்டும், மற்றது மீதி எல்லாவற்றுக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு செலக்டர் சுவிட்ச். செல்ஃப் அடிக்கும்போது ஜி.பி.எஸ். அணைந்து எழும் தொல்லை அத்தோடு தீர்ந்தது.

அந்தச் செலக்டர் சுவிட்ச் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எஞ்சின் ஓடும்போது அதை ஆஃப் நிலைக்குக் கொண்டுபோகவே கூடாது. டைனமோவின் மின்சாரம் போக இடமில்லாமல் வோல்ட் எகிறி அதன் டயோடுகள் போய்விடும். வள்ளத்தில் வேலைக்கு வரும் பையன்களுக்கும் தெரியட்டும் என்று சுவிட்சின் மேலேயே பெயின்ட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.

இரண்டாவது கணக்கு ஒயரின் தடிமன். கடையில் போய் “ஒன்னரை ஸ்கொயர் கொடுங்க” என்று கேட்பது வீட்டுப் பழக்கம். படகில் தூரமும் ஆம்பியரும் சேர்ந்துதான் தடிமனைத் தீர்மானிக்கின்றன. போகும் தூரம், வரும் தூரம் இரண்டையும் மீட்டரில் கூட்டி, ஆம்பியரால் பெருக்கி, 0.0175ஆல் பெருக்கி, ஒயரின் ஸ்கொயரால், அதாவது சதுர மில்லிமீட்டரால், வகுத்தால் வழியில் இழக்கும் வோல்ட் கிடைக்கும். வி.எச்.எப். செட் 25 வாட்டில் பேசும்போது கிட்டத்தட்ட 6 ஆம்பியர் இழுக்கும். போக ஐந்து மீட்டர், வர ஐந்து மீட்டர். ரெண்டரை ஸ்கொயர் போட்டால் 0.42 வோல்ட் இழப்பு. நாலு ஸ்கொயர் போட்டால் 0.26. அமெரிக்காவில் படகு மின்சாரத்துக்கு விதிமுறை வகுக்கும் ஏ.பி.ஒய்.சி. அமைப்பு, வழி விளக்கு போன்ற உயிர் காக்கும் சுற்றுகளில் இழப்பு 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. 12 வோல்ட்டில் அது 0.36 வோல்ட். ஆபத்தில் கூப்பிடும் செட்டும் உயிர் காக்கும் சாமான்தான் என்பது என் கணக்கு. ஆகவே நாலு ஸ்கொயர் போட்டேன். கம்பத்து எல்.இ.டி. விளக்குக்கு அரை ஸ்கொயரே தாங்கும். ஆனாலும் ஒன்றரைக்குக் கீழே போகவில்லை, மெல்லிய ஒயர் ஆட்டத்தில் அறுந்துவிடும்.

பேட்டரியிலிருந்து சுவிட்ச் போர்டுக்குப் போகும் தாய் ஒயரில் மட்டும் கஞ்சத்தனம் செய்யவே கூடாது. எல்லாச் சாமான்களின் மின்சாரமும் அந்த ஒன்றில்தான் ஓடுகிறது. அதற்கு 16 ஸ்கொயர், சிவப்பும் கறுப்பும் ஒரே தடிமனில். சிவப்பைத் தடியாகவும் கறுப்பை மெல்லியதாகவும் போட்ட படகுகளைப் பார்த்திருக்கிறேன். போகிற மின்சாரம் அத்தனையும் திரும்பி வந்தாக வேண்டும். கறுப்பு மெல்லியதானால் சிவப்பின் தடிமனுக்குச் செலவழித்தது வீண்.

ஒயர் வெள்ளீயம் பூசிய செம்பாக இருக்க வேண்டும். மேலே மட்டும் பூசியது உதவாது, உள்ளே ஒவ்வொரு இழையும் தனித்தனியாகப் பூசியிருக்க வேண்டும். உரித்துப் பார்த்தால் இழைகள் வெள்ளி நிறத்தில் இருக்கும். ஒற்றைக் கம்பியாக வரும் ஒயரைப் படகில் போடவே கூடாது, எஞ்சின் அதிர்வில் முறிந்துவிடும். எங்கள் பக்கத்துக் கடைகளில் கேட்டு அலைந்துவிட்டுக் கடைசியில் கொச்சியிலிருந்து வரவழைத்தேன். வீட்டு ஒயரைவிட விலை நல்ல வித்தியாசம். மாமா முகம் சுளித்தார். பழைய ஒயரில் ஒரு துண்டையும் புதியதில் ஒரு துண்டையும் உரித்து அவர் கையில் கொடுத்தேன். இரண்டையும் விரலில் உருட்டிப் பார்த்தார். பிறகு விலை பற்றிப் பேசவில்லை.

இப்போது நுனி. நல்ல ஒயர் வாங்கி நுனியைக் கெடுத்தால் எல்லாம் போச்சு. லக்ஸை, அதாவது நுனியில் மாட்டும் உலோகக் காதை, ஒயரில் செருகி, கொறடால் ஒரு அமுக்கு, சுத்தியலால் ஒரு தட்டு என்பதுதான் துறையில் நடக்கும் முறை. அப்படி அமுக்கிய லக்ஸில் ஒயர் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் தளர்ந்திருக்கும். முழுதாக அமுக்கி முடிக்கும்வரை திறக்காத கிரிம்பிங் கொறடு ஒன்று வாங்கினேன். லக்ஸும் வெள்ளீயம் பூசியதாக, ஒயரின் ஸ்கொயருக்குப் பொருந்தியதாக இருக்க வேண்டும். உரித்த நுனியில் ஒரு இழைகூட வெட்டுப்பட்டிருக்கக் கூடாது. அமுக்கியபின் லக்ஸை ஒரு கையிலும் ஒயரை மறுகையிலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பேன். வந்துவிட்டால் அது அங்கேயே போகட்டும், கடலில் வருவதைவிட அது மேல்.

அதன்மேல் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். அதிலும் உள்ளே பசை தடவிய வகை. ஸ்லீவைச் சூடாக்கும்போது அது முதலில் சுருங்கி ஒயரைக் கவ்வும். இன்னும் கொஞ்சம் காட்டினால் இரண்டு ஓரத்திலும் பசை ஒரு மெல்லிய வளையமாகப் பிதுங்கி வரும். அந்த வளையம் சுற்றிலும் முழுதாகத் தெரிகிறவரை நிறுத்தக்கூடாது. ஒரு பக்கம் வராவிட்டால் அந்தப் பக்கம் தண்ணீருக்குக் கதவு திறந்திருக்கிறது.

எஞ்சின் பட்டறை அண்ணன் ஒருவர் இப்படி நுனியை அமுக்குவதை ஒப்புக்கொள்ளவில்லை. “ஈயம் வச்சா ஆயுசுக்கும் போகாது தம்பி” என்றார். பற்றவைத்த ஈயம் இழைகளுக்குள் ஏறி நின்று, அது முடியும் இடத்தில் ஒயரைக் கம்பிபோல விறைப்பாக்கிவிடும். அதிர்வில் சரியாக அந்த இடத்தில்தான் முறியும். ஏ.பி.ஒய்.சி. விதியும் ஈயத்தை மட்டும் நம்பி ஒரு இணைப்பை நிறுத்தக்கூடாது என்றே சொல்கிறது. அண்ணனிடம் இதைச் சொன்னதற்கு, அவர் தன் பட்டறையில் கழற்றிப்போட்ட பழைய ஒயர்க் குவியலைக் காலால் தள்ளிவிட்டு, ஒன்றை எடுத்துக் காட்டினார். ஈயம் முடிந்த இடத்தில் முறிந்திருந்தது. நல்ல மனுஷன்.

நெகட்டிவுக்கு நான் செய்தது இது: சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் ஒரு பஸ்பார், அதாவது வரிசையாகத் திருகுகள் உள்ள, வெள்ளீயம் பூசிய செம்புப் பட்டை. ஒவ்வொரு சாமானுக்கும் தனிச் சிவப்பு, தனிக் கறுப்பு, இரண்டும் ஒன்றாகவே போய் ஒன்றாகவே திரும்பும். கறுப்புகள் எல்லாம் பட்டைக்கு, பட்டையிலிருந்து 16 ஸ்கொயரில் ஒன்று நேராகப் பேட்டரி நெகட்டிவுக்கு. எஞ்சினுக்குப் போகும் நெகட்டிவ் கேபிள் செல்ஃபுக்கும் டைனமோவுக்கும் மட்டும். “ஏன் மருமவனே, இத்தன ஒயரு எதுக்கு? எஞ்சின்ல கட்டுனா போதும்னுதான எல்லாரும் செய்யுதாவ” என்று மாமா கேட்டார். மின்சாரம் எஞ்சின் வழியாகத் திரும்பினால், எஞ்சினைத் தொட்டுக்கொண்டே சாஃப்ட்டும் புரொப்பெல்லரும், அவற்றைத் தொட்டுக்கொண்டே கடல் தண்ணீரும் இருக்கின்றன. கசியும் மின்சாரம் உலோகத்தைச் சில வாரங்களிலேயே தின்றுவிடக்கூடியது. மற்ற உலோகத்துக்குப் பதில் தான் கரைவதற்காகப் போடும் சிங்க் கட்டி இருந்தாலும் இந்தக் கசிவுக்கு முன்னால் அது நிற்காது. புரொப்பெல்லர் விலையைச் சொன்னதும் மாமாவுக்குப் புரிந்துவிட்டது.

ஃப்யூஸ் பற்றி எங்கள் துறையில் ஒரு நம்பிக்கை உண்டு: 12 வோல்ட் ஷாக் அடிக்காது, அதனால் ஆபத்தில்லை. ஷாக் அடிக்காது என்பது சரி. ஆனால் பேட்டரியின் இரண்டு முனைகளும் நேராக மோதிக்கொண்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஒயர் சில நொடிகளில் சிவந்து உறை எரியும். சுற்றிலும் இருப்பது பைபர், டீசல், வலை. கடலில் தீப்பிடித்தால் ஓடுவதற்கு இடமில்லை. ஃப்யூஸ் ஒயரைக் காப்பாற்றுவதற்காக இருக்கிறது. அதனால் அது பேட்டரிக்கு ஒட்டி, ஒயர் கிளம்பும் இடத்திலேயே இருக்க வேண்டும். 7 அங்குலத்துக்குள் என்பது பொதுவிதி. போர்டுக்கு அருகே வைத்தால் பேட்டரிக்கும் போர்டுக்கும் நடுவே ஓடும் ஒயருக்குக் காவல் இல்லை. செல்ஃப் கேபிளுக்கு மட்டும் வழக்கமாக ஃப்யூஸ் இருக்காது. ஆகவே அதைக் குறுகியதாக, எதிலும் உராயாமல் தனியே கட்ட வேண்டும். ரெண்டரை ஸ்கொயருக்கு 15 ஆம்பியருக்கு மேல் நான் போடவில்லை. ஃப்யூஸ் போனால் அடுத்த பெரிய ஃப்யூஸைப் போடும் பழக்கம் உள்ளவர்கள் தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

தண்ணீர் இறைக்கும் மோட்டாரை மட்டும் மெயின் சுவிட்சுக்கு முன்னாலேயே பேட்டரியிலிருந்து தனி ஃப்யூஸோடு இழுத்தேன். வள்ளம் கரையோரம் கட்டிக் கிடக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம். இரவில் மழை பெய்தால், தண்ணீர் ஏறும்போது தானே போட்டுக்கொள்ளும் மிதவைச் சுவிட்ச் மோட்டாரை எழுப்ப வேண்டுமே. இதற்கு மோட்டாரின் மேல் அச்சடித்திருக்கும் ஃப்யூஸ் அளவைத்தான் போட வேண்டும். பாசியோ நைலான் நூலோ சுற்றி மோட்டார் இறுகினால், பெரிய ஃப்யூஸ் போகாமல் நிற்கும், மோட்டார் எரியும். இணைப்பைத் தண்ணீர் தேங்கும் இடத்திலிருந்து தூக்கி, எஞ்சின் பெட்டியின் மேல்மூலையில் வைத்தேன்.

ஒயர் ஓடும் பாதை அணியம்வரை, அதாவது வள்ளத்தின் முன்பக்கம்வரை, மேல்விளிம்புக்கு அடியில், பி.வி.சி. குழாயில். குழாயின் தாழ்வான இடங்களில் துளை போட்டிருக்கிறேன். உள்ளே வியர்க்கும் தண்ணீர் வடிய வேண்டும். குழாய் இல்லாத இடங்களில் ஒன்றரை அடிக்கு ஒரு கிளிப். வலை இழுபடும் பக்கத்தில் எதுவும் வைக்கவில்லை. போர்டுக்குள் நுழைவதற்கு முன் ஒவ்வொரு ஒயரும் ஒருமுறை கீழே தொங்கி மேலேறும். ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். ஒவ்வொரு நுனியிலும் தமிழில் பெயர் எழுதி, மேலே நிறமில்லாத ஸ்லீவ். படகு இருட்டில் ஆடும்போது டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு வாசிக்கப்போகிறவர் ஆங்கிலம் படித்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று என்ன அவசியம்?

பேட்டரிகள் பெட்டிக்குள், பட்டையால் இறுக்கி, ஒரு அங்குலம்கூட நகராமல். பெட்டிக்கு மேலே காற்றோட்டம் வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது தீப்பற்றும். உப்புத் தண்ணீர் பேட்டரிக்குள் புகுந்தால் குளோரின் வாயு வரும். அதனால் பெட்டி தளத்திலிருந்து உயரத்தில் இருக்க வேண்டும். கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது கடைசியில். முனைகளைத் துடைத்து, இறுக்கி, அதன் பிறகு வாசலின் தடவ வேண்டும். தடவிவிட்டு இறுக்கக் கூடாது.

விளக்குகள் பற்றி எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. வ.உ.சி. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் பாதையை ஒட்டித்தான் எங்கள் வள்ளங்கள் வலை போடுகின்றன. கப்பலின் மேல்தளத்தில் நிற்பவன் எங்கள் விளக்கின் நிறத்தைப் பார்த்துத்தான் நாங்கள் எந்தப் பக்கம் போகிறோம், என்ன செய்கிறோம் என்று தெரிந்துகொள்வான். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, ஒவ்வொன்றும் 112.5 பாகைக்குத் தெரிய வேண்டும். 12 மீட்டருக்குக் குறைந்த படகு, முன்விளக்குக்கும் பின்விளக்குக்கும் பதிலாகச் சுற்றிலும் தெரியும் ஒற்றை வெள்ளை விளக்கைப் போடலாம். அது 2 கடல் மைலுக்குத் தெரிய வேண்டும். இழுவலை தவிர மற்ற மீன்பிடிப்பில் இருக்கும்போது மேலே சிவப்பு, அதன்கீழே வெள்ளை. அழகுக்காகப் பல நிறத்தில் மின்னும் எல்.இ.டி. பட்டைகளைக் கம்பத்தில் சுற்றினால் இதெல்லாம் ஒன்றுமே தெரியாமல் போகும். மாமா வள்ளத்தில் இருந்த பட்டையை அவரிடம் கேட்டு எடுத்துவிட்டேன்.

எல்.இ.டி.யில் இன்னொரு தொல்லை, அது செட்டின் காதை அடைத்துவிடும். மட்டமான எல்.இ.டி.க்குள் இருக்கும் மின்சுற்று வி.எச்.எப். அலைவரிசையிலேயே இரைச்சல் விடும். 2018இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை இதைப் பற்றி எச்சரிக்கை அறிவிப்பே வெளியிட்டது. சோதிப்பது எளிது. யாரும் பேசாத ஒரு சேனலில் வைத்து, இரைச்சல் அப்போதுதான் அடங்கும் அளவுக்கு ஸ்குவெல்ச் திருகைத் திருப்புங்கள். பிறகு விளக்கைப் போடுங்கள். இரைச்சல் மறுபடி வந்தால் அந்த விளக்கு வேண்டாம். வாங்கிய வெளிச்ச விளக்குகளில் ஒன்று இப்படி இரைந்தது. கடையில் மாற்றிக்கொண்டேன். 16ஆம் சேனலில் ஒருவன் உதவிக்குக் கூப்பிடும்போது அது காதில் விழாமல் போகக்கூடாது. திசைகாட்டிப் பக்கமும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு சுவிட்சாகப் போடும்போது முள் அசைந்தால், பக்கத்தில் ஓடும் சிவப்பையும் கறுப்பையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட வேண்டும் அல்லது தள்ளி வைக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் பழைய அளவை மறுபடி எடுத்தேன். பேட்டரியில் 12.6, கம்பத்து விளக்கில் 12.5. மைக்கை அழுத்தியபோது விளக்கில் மாற்றமே இல்லை. கடைசியாகக் கசிவுச் சோதனை: எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, நெகட்டிவ் முனைக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவில் மீட்டரை மில்லி ஆம்பியரில் வைக்க வேண்டும். பூஜ்யம் காட்டினால் சரி. காட்டாவிட்டால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எதை எடுக்கும்போது பூஜ்யமாகிறதோ, கசிவு அந்தச் சுற்றில்.

மாமாவிடம் ஒப்படைக்கும்போது மீட்டரைப் பிடிக்கவும் சொல்லிக் கொடுத்தேன். இரவு முழுதும் ஓய்ந்த பேட்டரியில் 12.6 இருந்தால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதி, 11.9க்கு வந்தால் வடிந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது 13.8லிருந்து 14.4க்குள் இருந்தால் டைனமோ வேலை செய்கிறது. இப்போது அவரே கரையேறியதும் பார்த்து நோட்டில் எழுதிவைக்கிறார். போர்டை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடைக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழையில் வள்ளம் கரையேறிக் கிடக்கும்போது எல்லா நட்டுகளையும் இறுக்கிப் பார்ப்பதும், கசிவுச் சோதனையும் என் பொறுப்பு.

போன வாரம் அணியத்தில் இன்னொரு விளக்கு வேண்டும் என்றார். போர்டில் இரண்டு ஃப்யூஸ் இடங்களும், பஸ்பாரில் இரண்டு திருகுகளும் காலியாக விட்டு வைத்திருந்தேன். குழாய்க்குள் ஒரு நைலான் கயிறும் கிடந்தது. அதைப் பிடித்துச் சிவப்பையும் கறுப்பையும் சேர்த்து இழுத்தோம். ஒரு காலை நேரத்துக்குள் வேலை முடிந்தது.